முழங்கால் உயர மலை

கம்ப்யூட்டரை என் மேசைமேல் வைக்காதே என்று சொன்னேன். வைத்தாள்.

வைத்தவள் என் நாத்தனார், என் கணவருக்கு ஒரே தங்கை. நாற்பதைத் தாண்டிவிட்டாள், வீட்டில் இன்னும் அவள் பெயர் பாப்பா. ஒத்திகையில் நடிகர்களை நார்நாராகக் கிழிக்கிற மனிதர், தங்கை எதிரே வந்தால் மட்டும் குழைந்துபோய் "என்னம்மா பாப்பா" என்பார். நான் எதிரே வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

எங்களுடையது நாடகக் குழு. கணவர்தான் இயக்குநர். நாத்தனார் விளக்குப் பிரிவு. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதைப் பொத்தான் தட்டி முடிவு செய்கிறவள். நான் பின்திரை வரைகிறவள். காடு, கடல், சிறைச்சாலை, பணக்கார வீட்டு மாடிப்படி, எதைக் கேட்டாலும் மேடை அகலத் துணியில் வரைந்து தொங்கவிட்டுவிடுவேன். காட்சிப் பிரிவின் தலைவர் முட்டிவலி தாங்காமல் வேலையைவிட்டுப் போனபோது அந்த இடம் காலியானது. அது எனக்கு வேண்டும். சுற்றி வளைப்பானேன், வெறியாகவே வேண்டும். தச்சர் முதல் டிக்கெட் கிழிப்பவர் வரை என்னைச் "சாரோட வீட்டம்மா" என்றுதான் சொல்கிறார்கள். வீட்டம்மா வந்தாங்க, வீட்டம்மா கோவமா இருக்காங்க, வீட்டம்மாவுக்கு நீலம் தீர்ந்துபோச்சாம். காலமெல்லாம் வரைந்து நான் சம்பாதித்த பட்டம் அது. பிரிவுக்குத் தலைமை என்று ஆனால்தான் அந்த வாய்கள் மாறும்.

அந்தச் சமயத்தில்தான் அரங்கத்தில் துணிகளைக் கழற்றிவிட்டு, மேடையின் பின்னால் முழுக்க எல்.இ.டி. சுவர் மாட்டினார்கள். புது நாடகத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு வேண்டும், அதை ஒரு நிலக்காட்சி சாஃப்ட்வேரில் செய்ய வேண்டும் என்று கணவர் எல்லோரையும் கூட்டி அறிவித்தார்.

"முதல்ல இவ பண்ணட்டும். சரியா வரலேன்னா பாப்பா பண்ணட்டும். யாரு பண்ணினது மேடை ஏறுதோ, அவங்கதான் இனிமே காட்சிப் பிரிவுக்குத் தலைமை."

பெண்டாட்டியையும் தங்கையையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிற மகராசன். மற்றவர்கள் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்கள். நாத்தனார் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சுவரைப் பார்த்துக்கொள்ளும் ஒயர்க்காரர் வந்து எங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினார். "இது மண்ணை மேல இழுக்கும். இது அமுக்கும். இது தண்ணி. இது மரம். இதைப் புடிச்சு நகர்த்தினா சூரியன் நகரும். அவ்ளோதாம்மா." கடவுளின் வேலையை ஸ்விட்ச் மாட்டுகிற மாதிரி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சாஃப்ட்வேரைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தரை. கணக்கு நோட்டுத் தாள் போலக் கட்டம் போட்ட தரை, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. துணியில் முதல் கோடு போட எனக்கு ஒருநாளும் கை நடுங்கியதில்லை. இங்கே மவுஸைத் தொட்டதும் தரையில் ஒரு கொப்புளம் எழும்பியது. அமுக்கினேன், பள்ளம் விழுந்தது. பள்ளத்தை மூடப் போனேன், பக்கத்தில் இன்னும் இரண்டு கொப்புளம். அடுத்த மேசையிலிருந்து நாத்தனார் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்வை?" என்றேன்.

"ஒண்ணுமில்லை அண்ணி. மவுஸை அவ்ளோ அழுத்திப் பிடிக்காதீங்க. செத்துடும்."

"உன் வேலையைப் பாரு. உன் விளக்கெல்லாம் எரியுதா?"

"எரியுது அண்ணி. விளக்கைவிட வேற என்னமோதான் ஜாஸ்தி எரியுது."

அந்தக் குடும்பத்துக்கே உள்ள வாய். நான் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன்பிறகு ஒரு சந்தேகம் வந்தால்கூட அவளைக் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஒயர்க்காரரைக் கேட்பேன், அவருக்கும் தெரியாது என்பார், நானே முட்டி மோதுவேன். தண்ணீரை மலையுச்சியில் ஊற்றிவிட்டு எடுக்கத் தெரியாமல் ஒரு பகல் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

பிறகு ஒரு காலையில், சூரியனைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். நான் எழுப்பியிருந்த மேட்டின் நிழல் தானாகவே நீண்டு, ஆற்றின்மேல் போய்ப் படுத்தது. துணியில் அப்படி ஒரு நிழலைக் கொண்டுவர நான் பாதி நாள் கலவை கலக்குவேன். இது சும்மாவே கொடுக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் கையை எடுக்க முடியவில்லை. சூரியனை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். காபி ஆறி ஆடை படிந்தது தெரியவில்லை.

அதற்கப்புறம் வேலை விறுவிறுவென்று நடந்தது. கதை எளிது. நாயகி வீட்டைவிட்டு வெளியேறி, பள்ளத்தாக்கைக் கடந்து, மலையடிவாரத்தில் இருக்கும் அம்மாவிடம் போய்ச் சேருகிறாள். நான் முன்னால் புல் வைத்தேன், நடுவில் ஆறு, அப்புறம் மரங்கள், கடைசியில் மலை. தூரத்தை எப்படிக் கொண்டுவருவது என்று எந்த ஓவியரைக் கேட்டாலும் சொல்வார்: சின்னதாக்கு, வெளிறவிடு, நீலம் சேர். மரத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் சுருங்கியது. சுருக்கிச் சுருக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நட்டேன். மலையை மரங்களை ஒட்டியே எழுப்பி, அதையும் சுருக்கி, மேலே வெளிறிய நீலத்தைப் பூசினேன். பார்த்தால் மலை கண்காணாத தொலைவில் நின்றது. தூரத்தில் இருப்பதைத் தூரமாகவே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணியில் ஏது தூரம்? துணிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கும்.

முடித்த அன்று நாத்தனார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஏதாவது நக்கலாகச் சொல்வாள், பதிலுக்கு நாலு கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

"அண்ணி, ரொம்ப அழகா இருக்கு" என்றாள். "அந்த மலையைப் பார்த்தா எனக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பணும்போல இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கேலி இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல சொல் வந்ததில்லை. என் சமையலில் உப்பு அதிகம் என்பாள், என் நடையில் சத்தம் அதிகம் என்பாள், நான் பேசாமல் இருந்தால் திமிர் அதிகம் என்பாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பக்கத்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன். "உட்காரு, காபி சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டேன். உட்கார்ந்தாள். சூரியனை எப்படி இறக்கினால் நிழல் ஆற்றைத் தொடும் என்று காட்டினேன். அவளும் இறக்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு, சண்டை போடாமல் ஒரு காபி குடித்தோம். பரவாயில்லை, இவளும் மனுஷிதான் என்று அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்கு மொத்தக் குழுவும் வந்து உட்கார்ந்தது. சுவர் எரிந்ததும் என் பள்ளத்தாக்கு மேடை முழுக்க விரிந்தது. தச்சர் வாயைப் பிளந்தார். கணவர் "ம்" என்றார். அவரிடமிருந்து ஒரு 'ம்' வாங்க ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

"சரி, நட" என்றார் நாயகியிடம்.

மேடையில் ஓடுகிற பட்டைமேல் அவள் சுவரைப் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். அவள் வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் சுவரில் காட்சியும் அவளோடு உள்ளே போகும். கணவர் இதை என்னிடம் முன்பே சொல்லித்தான் இருந்தார். நீளத் துணியை உருளையில் சுற்றிப் பக்கவாட்டில் நகர்த்துவோமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாயகி நடந்தாள். புல் கடந்தது. ஆறு வந்தது, ஒரே எட்டில் போய்விட்டது. குழாயடியில் ஓடும் தண்ணீர் அதைவிட அகலம். அடுத்து மரங்கள் வந்தன, அவள் கணுக்கால் உயரத்துக்கு. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பரப்பின மாதிரி ஒரு காடு. அதைத் தாண்டியதும் மலை வந்துவிட்டது. முழங்கால் உயரம். எங்கோ தொலைவில் நின்ற என் மலை, கிட்டத்தில் பார்த்தால் யாரோ மறந்துவிட்டுப் போன நீல மூட்டை. நிற்பதா போவதா என்று தெரியாமல் நாயகி இன்னும் ஒரு எட்டு வைக்க, மலை காலுக்கடியில் மறைந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, சாம்பல் தரையும் கட்டமும்தான். மலைக்கு முதுகு வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதலில் சிரித்தது நாயகிதான். "சார், அம்மாவை மிதிச்சுட்டேன்போல" என்றாள். அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தச்சர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"நான் பொம்மைக் கடையா கேட்டேன்?" என்றார் எல்லோர் முன்னாலும். "பாப்பா, நீ பண்ணு."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கம்ப்யூட்டரிலேயே குடியிருப்பவள். நான் மரத்தைச் சுருக்கியதையெல்லாம் அடுத்த மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அழகா இருக்கு என்றாள். என் காபியையும் குடித்துவிட்டு என் கழுத்தையும் அறுத்துவிட்டாள். அந்தப் பாராட்டுக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்தபோது என்னையே நாலு அறை விடலாம் போல இருந்தது.

நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவள். அன்று மாலை படிக்கட்டில் எதிர்ப்பட்டாள்.

"அண்ணி, இன்னிக்கு நடந்தது..."

"வழியை விடு."

"இல்லை அண்ணி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சொன்னதே போதும் தாயே. வயிறு நெறஞ்சுடுச்சு."

கணவர் சாப்பிடும்போது, "பாப்பாகிட்ட கொஞ்சம் கத்துக்கோயேன், என்ன குறைஞ்சுபோயிடுவே?" என்றார். குழம்புக் கிண்ணத்தை அவர் தட்டுக்கு அருகே கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

ஆனால் கற்றுக்கொண்டேன், அவளிடம் இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அரங்கத்துக்குப் போய், தோற்றுப்போன என் பள்ளத்தாக்கைத் திறந்து வைத்துக்கொள்வேன். நாயகி நடக்கும் வேகத்தில் காட்சியை ஓடவிட்டுப் பார்ப்பேன். எதை எங்கே வைத்தால் எப்போது வந்து சேருகிறது, எவ்வளவு சுருக்கினால் பொம்மையாகத் தெரிகிறது, எவ்வளவு சுருக்கினால் கண் ஏமாறுகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். வயிற்றெரிச்சல் நல்ல வாத்தியார். ஒயர்க்காரர் நடத்திய பாடத்தைவிட அது நடத்திய பாடம் நன்றாக ஏறியது.

நாத்தனாரும் தன் பள்ளத்தாக்கைக் கட்டி முடித்தாள். கடைசி ஒத்திகைக்கு முந்தின நாள், அண்ணனுக்குக்கூடக் காட்டாமல் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்."

போனேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மரம் மரத்தின் உயரத்தில், ஆறு ஆற்றின் அகலத்தில். மலை நிஜமாகவே வெகுதூரத்தில், யாரும் பூசாமல் தானாகவே நீலம் பாய்ந்து நின்றது. அவள் மவுஸின் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டினாள். காட்சி விர்ரென்று பறந்துபோய் மலையடிவாரத்தில் நின்றது. மலைக்கு முதுகு இருந்தது, மடி இருந்தது, மடியில் அம்மாவின் வீட்டில் விளக்குகூட எரிந்தது. விளக்கை விடுவாளா அவள்.

"எப்படி அண்ணி இருக்கு?"

நான் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மவுஸை உருட்டினால் பறக்கலாம். நாயகி பறக்க மாட்டாள், நடப்பாள். அந்தக் காட்சி ஒரு சிகரெட் தீர்கிற நேரம்தான். அவ்வளவு நேரமும் நடந்தாலும் மலை இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும், ஒரு விரற்கடை பெரிதாகாது. நிஜமான தூரத்தை வைத்தால் நிஜமாகவே நடந்துதான் தீர வேண்டும். இத்தனை நாள் கண்ணை ஏமாற்றிப் பிழைத்த எனக்கு அது உடனே தெரிந்தது. எப்படிச் சரிசெய்வது என்பதும் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "ஒண்ணையும் மாத்தாதே."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. காதுவரை சிவந்துவிட்டாள். "நிஜமாவா அண்ணி?"

"நிஜமா."

"காபி சொல்லட்டா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடையில் யாரும் இல்லாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்துக்குக் கழுத்து சரியாகப் போயிற்று என்று இருந்தது. சாப்பாடுகூட அன்று ருசித்தது.

கடைசி ஒத்திகையில் நாயகி நடந்தாள். புல் கடந்தது. அப்புறமும் புல்தான். ஆறு எங்கோ வெள்ளிக்கோடாகக் கிடந்தது, கிட்டே வருகிற வழியாக இல்லை. மலை அசையவில்லை.

"நட, நட" என்றார் கணவர்.

"நடந்துட்டுதான் சார் இருக்கேன்."

"மலை எப்ப வரும்?"

"இந்த வேகத்துல போனா, அம்மா செத்ததுக்குத்தான் சார் போய்ச் சேருவேன்" என்று மூச்சிரைத்தாள் நாயகி.

அரங்கமே சிரித்தது. நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பதறிப்போய்ச் சக்கரத்தை உருட்டினாள். மலை பாய்ந்து வந்து நாயகியின் முகத்தில் இடிப்பது போல நின்றது. நாயகி அலறியே விட்டாள்.

"நடக்கிறாளா, ராக்கெட்ல போறாளா?" என்று கணவர் கத்தினார். தங்கையைப் பார்த்து அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான். "நாளைக்கு ஜனங்க வந்து உட்காரப் போறாங்க. கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டா வேலை பார்த்தே?"

நான் இதற்காகத்தானே காத்திருந்தேன். எழுந்தேன்.

"மலையைப் பாதித் தூரத்துக்கு இழுங்க. உயரத்தையும் குறைங்க, ஆனா பாதிக்குக் கீழே போக வேண்டாம். முன்னாடி இருக்கிற மரம் நிஜ அளவு, உள்ள போகப்போகச் சின்னது. அவ ஒரு எட்டு வைக்கிறப்போ காட்சி கொஞ்சம் கூடுதலாவே நகரட்டும், யாருக்கும் தெரியாது. அடிவாரத்தைத் தொடறதுக்கு முன்னாடி விளக்கை அணைச்சுடுங்க."

ஒயர்க்காரர் நாத்தனார் பக்கத்தில் குனிந்து நின்று, சொன்னதை அப்படியே செய்தார். நாயகி மறுபடி நடந்தாள். ஆறு வந்து அகன்று கடந்தது. மரங்கள் இருபுறமும் விலகின. மலை அவளைப் பார்த்து வளர்ந்துகொண்டே வந்து, அம்மா வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அரங்கம் இருண்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

விளக்கு வந்ததும் கணவர் என்னைத்தான் பார்த்தார். அவர் கத்துகிறவர், ஆனால் முட்டாள் இல்லை.

"யோசிக்கவே இல்லை நீ. மனப்பாடம் பண்ணின மாதிரி சொல்றே. இது சரியா வராதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்லே?"

நான் பதில் தேடுவதற்குள் நாத்தனார் குறுக்கே வந்தாள்.

"அண்ணிக்குத் தெரியாதுண்ணா. நேத்து நான் கூப்பிட்டுக் காட்டினேன், நல்லா இருக்குன்னாங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவங்களைப் பெரிசாப் பிடிக்காது, அது வேற" என்றாள், எல்லோரும் கேட்க. "ஆனா படம் விஷயத்துல பொய் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் உன்கிட்டகூடக் காட்டாம அவங்ககிட்டக் காட்டினேன். அவங்க மலையைப் பார்த்துட்டு நானும் அழகா இருக்குன்னுதானே சொன்னேன்? எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? உட்கார்ந்து பார்த்தா அழகாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்போ என்னால தலையைத் தூக்க முடியலை. படியில வச்சு அதைச் சொல்ல வந்தேன், அவங்க கேக்கலை."

அவள் அன்று சொன்னது நிஜம். என் வாழ்நாளில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான பாராட்டு அது. அதற்குத்தான் நான் பழிவாங்கியிருக்கிறேன்.

"அப்படியா?" என்று கணவர் என்னைக் கேட்டார்.

நாத்தனார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல்.

"ஆமா" என்றேன். "இப்பதான் தோணுச்சு."

"சரி. இனிமே பிரிவை நீயே பார்த்துக்கோ."

தச்சர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். நாத்தனார் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து, நாற்காலியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வாங்க அண்ணி, மரத்தையெல்லாம் நீங்களே ஒருதடவை சரிபாருங்க."

போய் உட்கார்ந்தேன். மவுஸில் அவள் கைச்சூடு இன்னும் ஆறவில்லை.